நாட்டுத் துப்பாக்கி விலைக்குக் கிடைக்குமா?

குடகுப் பக்கம் போய்விட்டு வருகிற பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். ஹோம்ஸ்டே சுவரில் நீளக் குழல் துப்பாக்கி ஒன்று மாட்டியிருக்கும். காப்பித் தோட்டம், அருவி, பன்றிக்கறி எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பையன் அதன் கீழேயே நின்றுகொண்டிருப்பான். "இது மாதிரி ஒண்ணு நமக்கும் செய்யச் சொல்லி வாங்க முடியுமாப்பா?" அப்பாவுக்கும் உள்ளூர அதே ஆசைதான்.

சுருக்கமான பதில்: செய்யச் சொல்லி வாங்க முடியாது. நீளமான பதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலானது. அதற்குத்தான் இந்தப் பதிவு.

(டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. வீட்டில் நிஜமாகவே துப்பாக்கி இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு, அப்புறம் ஒரு வக்கீலையும் பார்த்துவிடுங்கள்.)

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கி இல்லை இது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, ஈயக்குண்டைப் போட்டு, மறுபடி இடித்து, கேப் வைத்துச் சுடுவது. நம் ஊர்ச் செய்தித்தாளில் 'நாட்டுத் துப்பாக்கி' என்று வரும். ஜார்கண்ட், சத்தீஸ்கர் பக்கத்துப் போலீஸ் செய்திகளில் 'பர்மார்'. ஒரு முறை சுட்டால் அடுத்த முறைக்கு அரை நிமிடமாவது வேண்டும். மழை பெய்தால் அதுவும் சந்தேகம். இதை வைத்துக்கொண்டு வங்கியில் கொள்ளையடிக்கப் போனால், இரண்டாவது குண்டுக்கு மேனேஜர் காப்பி குடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு பஸ் ஸ்டாண்டில் நரிக்குறவர் தோளில் இந்தத் துப்பாக்கியைப் பார்த்த ஞாபகம் இருக்கலாம். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் கொக்கு, காடை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தக் காட்சி மெல்ல மறைந்து, ஊசிமணி பாசிமணி மட்டும் மிஞ்சியது.

இதில் இரண்டு வகை. குழலின் உள்பக்கம் வழவழவென்று இருப்பது ஒன்று. உள்ளே திருகுசுருளாகப் பள்ளம் வெட்டியிருப்பது இன்னொன்று. பள்ளம் வெட்டியதுதான் ரைஃபிள். குண்டு சுழன்றுகொண்டே போவதால் குறி தப்பாது. நம் கிராமத்துத் துப்பாக்கிகள் ஏறக்குறைய எல்லாமே வழவழப்புக் குழல்தான். எழுபது, எண்பது கஜத்துக்கு மேல் அவற்றை நம்ப முடியாது.

இந்தப் பள்ளத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1857 என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த 'கொழுப்பு தடவிய தோட்டா' ஞாபகம் வரும். அந்தத் தோட்டா எதற்காக வந்தது? 1853 மாதிரி என்ஃபீல்டு என்ற, வாய்வழி மருந்து இடும் ரைஃபிளுக்காக. காகிதச் சுருளைப் பல்லால் கடித்துக் கிழித்து, உள்ளே இருக்கும் மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். அதில் பசுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற வதந்திதான் தம்தம்மில் கிளம்பி நாடெல்லாம் பற்றியது. கலகம் அடங்கிய பிறகு வெள்ளைக்காரன் செய்த வேலையைப் பாருங்கள். இந்தியச் சிப்பாய்களுக்கென்று, பார்வைக்கு என்ஃபீல்டு போலவே இருக்கிற, ஆனால் உள்ளே பள்ளம் இல்லாத துப்பாக்கியைத் தனியாகச் செய்து கொடுத்தான். தூரத்திலிருந்து குறி தப்பாமல் சுடும் வசதி வெள்ளைச் சிப்பாய்க்கு மட்டும். 1878-ல் லிட்டன் காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. அதே வருஷம்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டமும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆட்சியின் மனசு புரியும்.

குடகு மட்டும் விதிவிலக்கானது இதற்கு முன்பே நடந்துவிட்டது. 1861-ல் மார்க் கப்பன் (ஆமாம், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகிற கப்பன் பார்க்கின் கப்பனேதான்) குடகர்களின் விசுவாசத்தை மெச்சி, அவர்கள் ஆயுதம் வைத்திருக்கத் தடையில்லை என்று உத்தரவு போட்டார். அந்த வழக்கம் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. குடவ இனத்தவர்களுக்கும், அங்கே ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் தேவையில்லை. 2019-ல் மத்திய அரசு இந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது. இதை எதிர்த்த வழக்கில் 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்று சொல்லிவிட்டது. கைல்பொள்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை செய்கிறார்கள். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு, சாவு விழுந்தால் இரண்டு வேட்டு. நீங்கள் ஹோம்ஸ்டே சுவரில் பார்த்த துப்பாக்கி பெரும்பாலும் இந்த விலக்கின் கீழ் அங்கே இருக்கிறது. அதைக் காசு கொடுத்து வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு மைசூர் ரோட்டில் வந்தால், விலக்கு உங்களோடு சேர்ந்து வராது.

சரி, மற்றவர்கள் கதைக்கு வருவோம். இங்கேதான் என் புகார் ஆரம்பிக்கிறது.

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. அதன் 13-ஆம் பிரிவைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். பயிர்க் காவலுக்காக ஒருவர் வாய்வழி மருந்து இடும் துப்பாக்கிக்கு நியாயமாக விண்ணப்பித்தால், அதிகாரி உரிமம் வழங்க வேண்டும் என்கிறது அது. 'வழங்கலாம்' இல்லை, 'வழங்க வேண்டும்'. மறுப்பதற்கான காரணங்களை அடுத்த பிரிவு தனியாகச் சொல்கிறது. அதிலேயே இன்னொரு அருமையான வரி உண்டு: போதுமான சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. யோசித்துப் பாருங்கள், காட்டோரத்தில் இரண்டு ஏக்கர் மரவள்ளி போட்டிருக்கிற குடியானவனை மனதில் வைத்து எழுதிய வரி இது. இந்தியச் சட்டப் புத்தகத்தில் ஏழைக்காகத் துப்பாக்கி பேசுகிற இடம் வேறெதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

காகிதத்தில் இவ்வளவு இருக்கிறது. அந்தக் குடியானவன் உரிமம் வாங்கிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். (கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணை, தாசில்தார் அறிக்கை எல்லாம் முடிந்து, அவன் பேரனுக்குக் காதுகுத்து நடப்பதற்குள்.) துப்பாக்கியை எங்கே வாங்குவான்?

பக்கத்து ஊர்க் கொல்லனிடம் வாங்க முடியாது. துப்பாக்கி செய்ய, விற்க, பழுது பார்க்கக்கூட தனித்தனியாக உரிமம் வேண்டும். செய்யும் உரிமம் நடைமுறையில் தொழிற்சாலைகளுக்குத்தான். முங்கேர், ஜம்மு போன்ற ஒரு சில ஊர்களில் பழைய பட்டறைகள் உரிமத்தோடு இருக்கின்றன. பீகாரின் முங்கேருக்குப் பெரிய சரித்திரம் உண்டு. 1760-களில் வங்காள நவாப் மீர் காசிம் கம்பெனிக்காரர்களின் தொல்லை தாங்காமல் தலைநகரையே அங்கே மாற்றி, ஆர்மீனியரான குர்கின் கான் மேற்பார்வையில் ஆயுதப் பட்டறை அமைத்தார். கம்பெனித் துப்பாக்கிக்கு இளைத்ததல்ல என்று பேர் வாங்கின துப்பாக்கிகள் அவை. அந்தக் கை விட்டுப் போகவில்லை. ஆனால் இன்று முங்கேர் என்றால் பேப்பரில் கள்ளத் துப்பாக்கிச் செய்திதான். 2018-ல் ஜபல்பூர் ராணுவக் கிடங்கிலிருந்து களவு போன ஏகே-47கள் அங்கேதான் தோண்டத் தோண்ட வந்தன. உரிமப் பட்டறையில் வேலை இல்லையென்றால், துப்பாக்கி வேலை மட்டுமே தெரிந்த கை எங்கே போகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வடகிழக்கில் நாகாலாந்தின் மோன் மாவட்டத்துக் கொன்யாக் மக்கள் இன்னொரு உதாரணம். தலைவேட்டைக்கும் முகத்தில் பச்சை குத்துவதற்கும் அவர்களைத் தெரிந்த அளவுக்கு, துப்பாக்கிக் கொல்லர்கள் என்று நமக்குத் தெரியாது. ஏப்ரலில் ஆவ்லேங் திருவிழாவில் வரிசையாக நின்று வானத்தைப் பார்த்து அவர்கள் வெடிப்பது இந்த வகைத் துப்பாக்கியைத்தான். கட்டையைத் தோளுக்கும் கைநீளத்துக்கும் தக்கபடி செதுக்கி, வாங்குகிறவன் ஆளைப் பார்த்துச் செய்வது கொல்லனின் பழைய முறை. சட்டை தைக்கிற மாதிரிதான். ரெடிமேடில் அது வராது.

நம் மலைகளிலும் இந்தக் கை இருக்கிறது. கல்வராயன், பச்சைமலை, ஜவ்வாது என்று எந்த மலையைச் சொன்னாலும், 'நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர் கைது' என்ற நான்கு வரிச் செய்தி ஞாபகத்துக்கு வரும். அதை நாமும் நான்கு வினாடியில் தாண்டிப் போகிறோம். தாண்டாமல் நின்று பாருங்கள். 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். உரிமமில்லாமல் துப்பாக்கி செய்தாலோ விற்றாலோ குறைந்தபட்சத் தண்டனை ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள். முன்பு மூன்று வருஷத்திலிருந்து ஏழு வரை இருந்தது. ஏகே-47 கடத்துகிற கும்பலை நினைத்துத்தான் எழுதினார்கள், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பன்றி விரட்ட ஒரு குழாய்த் துப்பாக்கி செய்து கொடுத்த மலைக்கொல்லனும் அதே வரியில்தான் உட்கார்ந்திருக்கிறான். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று.

இதனால் துப்பாக்கி இல்லாமல் போய்விட்டதா என்றால், இல்லை. இருட்டுக்குள் போயிற்று, அவ்வளவுதான். இருட்டில் செய்கிறவன் நல்ல இரும்பு தேடி அலைய முடியாது. கிடைத்த குழாய்தான் குழல். தையல் விட்ட குழாய் கரிமருந்தின் அழுத்தத்தில் பிளந்தால் போவது சுடுகிறவனின் விரலும் கண்ணும். அவன் ஆஸ்பத்திரிக்குப் போய் 'எப்படி ஆச்சு' என்று சொல்லவும் முடியாது. இதற்கு வைத்தியம் உலகத்துக்குத் தெரியாததும் இல்லை. லண்டனில் துப்பாக்கிக் கொல்லர் சங்கத்துக்கு 1637-லேயே அரச பட்டயம் கிடைத்தது. பர்மிங்காமில் 1813-ல் சோதனைக் கூடம் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் வந்தது. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு ஆளில்லாமல் வெடித்துப் பார்ப்பார்கள். குழல் தாங்கினால் முத்திரை. தாங்காவிட்டால் பழைய இரும்பு. அவ்வளவுதான் விஷயம். நம் ஊரிலும் உரிமத் தொழிற்சாலைத் துப்பாக்கிக்கு இப்படிச் சோதனை உண்டு. யாருக்கு அது நிஜமாக வேண்டுமோ அவனுடைய துப்பாக்கிதான் சோதனைக்கு வர முடியாத துப்பாக்கி.

அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அங்கே 1968 துப்பாக்கிச் சட்டத்தில் இந்தப் பழைய வகைக்கும் அதன் நகலுக்கும் மத்திய அரசின் கெடுபிடியிலிருந்து விலக்கு. பல மாநிலங்களில் தபாலில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். இந்தியானாவில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற ஊரில் 1933-ல் தொடங்கிய சங்கம் ஒன்று இதற்காகவே இருக்கிறது. மேப்பிள் மரக் கட்டை, கையால் செதுக்கிய பித்தளை வேலைப்பாடு, உள்ளே பள்ளம் வெட்டிய அசல் ரைஃபிள். முன்பணம் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து, சில ஆயிரம் டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். விற்கும்போதுதான் சிக்கல், ஏனென்றால் அது இன்னொருவர் தோளுக்குத் தைத்த சட்டை. அப்போது விலையைத் தூக்கி நிறுத்துவது குழலின் மேல் பொறித்திருக்கிற கொல்லனின் பெயர். நம் ஊரில் கொல்லன் பெயர் பொறித்தால் அது போலீசுக்குச் சாட்சி.

(இதோடு ஒரு எச்சரிக்கை. அங்கே கடையில் காய்கறி மாதிரி கிடைக்கிறதே என்று ஒன்றை நினைவுப் பரிசாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்த விலக்கு நம் சட்டத்தில் கிடையாது. இங்கே அதுவும் துப்பாக்கிதான், இறக்குமதிக்கும் உரிமம் வேண்டும். விமான நிலையத்திலிருந்து நேராக வேறு இடத்துக்குப் போக வேண்டிவரும்.)

அமெரிக்கா மாதிரி நம் ஊரும் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கே பள்ளிக்கூடத்தில் நடக்கிறதைப் படித்த பிறகு எந்தத் தகப்பனுக்கும் அப்படிச் சொல்ல வாய் வராது. தங்கமணிக்கு இந்தப் பதிவின் தலைப்பே பிடிக்கவில்லை. "துப்பாக்கி குறைஞ்சா நல்லதுதானே, அதுக்கு ஏன் வக்காலத்து?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காட்டு விலங்குக்காரர்களின் கேள்வி அதைவிடக் கடுமையானது. வேட்டைக்குத்தானே இது போகிறது என்பார்கள். போகிறதுதான், மறைக்க ஒன்றுமில்லை. மான், காட்டெருமை, உடும்பு எல்லாம் இந்தக் குழலில்தான் விழுகின்றன. பயிர்க் காவல் உரிமம் இருந்தாலும் பன்றியைச் சுட்டுவிட முடியாது. வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். அதனால் உரிமத் துப்பாக்கியின் அன்றாட வேலை, வெறும் மருந்தை வெடித்துச் சத்தம் காட்டுவதுதான்.

ஆனால் துப்பாக்கி இல்லாத குடியானவன் சும்மா இருக்கிறானா? வேலியில் மின்சாரம் பாய்ச்சுகிறான். பழத்துக்குள் வெடி வைக்கிறான். 2020-ல் பாலக்காட்டுப் பக்கம் வாய் சிதைந்து ஆற்றுக்குள் நின்றே செத்த கர்ப்பிணி யானையை நாடே பார்த்து அழுதது. மின்வேலியில் யானை சாகிறது, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டக்காரனும் சாகிறான். வெடியும் மின்கம்பியும் யாரையும் பார்த்து வேலை செய்வதில்லை. துப்பாக்கிக்குப் பின்னாலாவது ஒரு ஆள் இருக்கிறான். அவன் பெயரில் ஒரு உரிமம், குழலில் ஒரு எண் இருந்தால், எந்த விலங்கு விழுந்தாலும் யாரைக் கேட்பது என்றாவது தெரியும். கேரளம் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே, தொல்லை தரும் காட்டுப்பன்றியை உரிமத் துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தது. அப்போதும் உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவனைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான். வாய்வழி மருந்து இடும் வழவழப்புக் குழல் துப்பாக்கியைச் சட்டத்தில் தனி வகையாகப் பிரிக்க வேண்டும். உரிமம் வைத்திருப்பவர் ஆர்டர் கொடுத்தால், ஒன்று ஒன்றாகச் செய்து தரும் கொல்லனுக்கு மாவட்ட அளவில் சிறு உரிமம் கொடுக்கலாம். குழலில் எண், வெடிச் சோதனை, முத்திரை மூன்றும் கட்டாயம். சோதனையை அரசே செய்யட்டும், அதற்குக் கட்டணம் வாங்கட்டும். இந்தத் துப்பாக்கி ஒன்றைச் செய்ததற்காகப் பிடிபடுகிறவனுக்கு ஏழு வருஷம் என்ற அடிமட்டக் கோடு வேண்டாம். எத்தனை வருஷம் என்பதை நீதிபதி ஆளைப் பார்த்து முடிவு செய்யட்டும். ரைஃபிளுக்கு இதெல்லாம் வேண்டாம், அது தூரத்து உயிர் எடுக்கிற சாமான். குடகருக்கு இனத்தையும் நிலத்தையும் பார்த்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வைத்திருக்கிற நம்பிக்கையை, மலையில் விவசாயம் பார்க்கிற மற்றவனுக்கு எண்ணும் முத்திரையும் போட்டாவது கொடுக்கலாமே என்பதுதான் என் கட்சி.

விற்கிற பக்கத்தையும் சொல்ல வேண்டும். இது நம் மாதிரி ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்குத்தான் தலைவலி. இங்கே ஒரு நண்பர், தாத்தாவுக்குத் தாண்டிக்குடிப் பக்கம் காப்பியும் மலைவாழையும். தாத்தா பெயரில் பழைய பயிர்க் காவல் துப்பாக்கி, முறையான உரிமத்தோடு. ஒவ்வொரு தேர்தலுக்கும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வருவார். போன வருஷம் தாத்தா தவறிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தத் துப்பாக்கி இருப்பது குற்றம். தாமதமில்லாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமம் உள்ள டீலரிடமோ ஒப்படைத்தாக வேண்டும். வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம். இன்னும் சொல்லப் போனால், 2016 விதிகளின்படி உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயதானாலோ, 25 வருஷம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். ஊரில் பெரியவர் இருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை இது.

நண்பர் மென்பொருள்காரர், ஒயிட்ஃபீல்டில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறார். பயிர்க் காவலுக்கு என்று எழுத அவரிடம் பால்கனித் துளசி மட்டும்தான் இருக்கிறது. சரி, விற்றுவிடலாம் என்று பார்த்தார். கையில் முறையான உரிமம் உள்ளவர் இன்னொரு உரிமக்காரருக்கு விற்பதென்றால், வாங்குகிறவர் பெயர், விலாசத்தோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும். அதெல்லாம் பரவாயில்லை. வாங்குகிறவர் வேண்டுமே! உரிமம் வைத்திருக்கிறவன் தோட்டாத் துப்பாக்கி கேட்கிறான். இது வேண்டும் என்கிறவனிடம் உரிமம் இல்லை. தோட்டத்தை ஒத்திக்கு எடுத்திருக்கிற குடியானவர் அந்தத் துப்பாக்கியை நாலைந்து தடவை கேட்டுவிட்டார். கட்டை அவர் தோளுக்கும் சரியாக இருக்கிறதாம். அவருடைய விண்ணப்பம் தாலுகா ஆபீசில் இருக்கிறது. துப்பாக்கி டீலர் கடையில் இருக்கிறது, அதற்கு வாடகையை நண்பர் இங்கிருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்.